வளையல் யார் கைக்கு

வருஷம் தவறாமல் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேருகிறது. நான் வேலை பார்க்கும் மாமல்லபுரம் பக்கத்து மருத்துவமனைக்கு ஹவுஸ் சர்ஜன்கள் வருவார்கள். எம்.பி.பி.எஸ். பாடமெல்லாம் முடித்துவிட்டு ஒரு வருஷம் வார்டு வார்டாகச் சுற்றியே தீர வேண்டிய பிள்ளைகள். அவர்களில் யாராவது ஒருவர், நான் புறநோயாளிகளைப் பார்த்து முடித்து டீயை வாயில் வைக்கும் நேரமாகப் பார்த்து வந்து நிற்பார். "சார், நீங்க ஏன் சார் ஓஜி எடுத்தீங்க?" ஓஜி என்றால் மகப்பேறும் மகளிர் மருத்துவமும். அவர்கள் கேட்கிற தொனியில், திருப்போரூர் போக வேண்டியவன் தெரியாமல் புதுப்பட்டினம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், உங்களுக்கு மூக்கின் மேல் ஏன் சார் இவ்வளவு பிரியம் என்று எவனும் கேட்டதில்லை. ஆம்பிளை ஒருவன் பிரசவம் பார்த்தால் மட்டும் அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தாக வேண்டும். முதல் குழந்தையைக் கையில் ஏந்தியபோது உடம்பு சிலிர்த்தது, என் ஆசிரியரைப் பார்த்து நானும் அவரைப் போல ஆக நினைத்தேன், அம்மா பட்ட வேதனை மனதில் நின்றது என்று ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் சிலிர்க்கவில்லை. எனக்குப் பாடம் எடுத்த அம்மையார் வாயைத் திறந்தால் எங்கள் தோல் உரியும், அவரைப் போல ஆக யாருக்கும் ஆசை வராது. என் அம்மாவோ வலி வந்தது, போனேன், பெத்தேன், வந்தேன் என்று ஐந்து வார்த்தையில் என் பிறப்பை முடித்துவிடுவாள்.

இந்த வருஷம் கேட்டது ஒரு பெண். மற்றவர்களைப் போல அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவளுக்கு எலும்பு சிகிச்சை பிடித்திருக்கிறது. உடைந்த காலை இழுத்து நேராக்கிக் கட்டுப் போடும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பொம்பிளைப் பிள்ளைக்கு ஓஜிதான் மரியாதை என்று முடிவு கட்டிவிட்டார்களாம். எலும்பு வார்டிலும் உனக்குக் கை வலு பத்தாதும்மா என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். "உங்கள யாருமே எடுக்க சொல்லல, அப்பவும் எடுத்தீங்க. என்ன எல்லாரும் எடுக்க சொல்றாங்க. வேணாம்னு சொன்னா விடுவாங்களா சார்?"

டீ ஆறிவிட்டது. போய் வார்டைப் பாரும்மா என்று எரிந்து விழுந்தேன். என்னவென்று சொல்வது? உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் ஓஜி எடுத்தது வயிற்றெரிச்சலில். ஒரு கை கண்ணாடி வளையல் எனக்கு வராமல் போன வயிற்றெரிச்சல்.

நானும் ஒரு காலத்தில் ஹவுஸ் சர்ஜன்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டு. என்னோடு ஒரே டூட்டியில் என் வகுப்புத் தோழி. அவளுக்குத் தோல் டாக்டராக வேண்டும் என்பது முதல் வருஷத்திலிருந்தே தீர்மானம். தேமலையும் படர்தாமரையையும் அப்படி ஆசையாகப் படிப்பாள். பிரசவ வார்டின் வாடை அவளுக்கு ஆகவே ஆகாது. கதவைத் தாண்டினாலே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். எனக்கு அந்த வேலை கைக்கு வந்துவிட்டது. ஏன் வந்தது என்றெல்லாம் தெரியாது, சிலருக்கு நீச்சல் வருகிற மாதிரி வந்தது. அங்கே இருந்த நர்ஸ் அக்கா, தான் செய்வதை விட்டு விலகி நின்று என்னைச் செய்ய விடுவார். அவர் யாரையும் லேசில் அப்படி விடுகிறவர் இல்லை.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வாசலில் நிற்கிற ஆயா, யாருக்காவது வலி முற்றியதும் "ஆம்பளைங்க எல்லாம் வெளிய போ" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்குப் புருஷன், மாமனார், ஆட்டோக்காரர் எல்லோரும் கலைவார்கள். அவர்களோடு நானும் பாதி தூரம் போய்விட்டு, நினைவு வந்து திரும்புவேன்.

புதுப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலைப்பிரசவம். வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. கூட வந்த மாமியார் உள்ளே நுழையும்போதே, லேடி டாக்டர்தான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டார். லேடி டாக்டர் அப்போது ஜன்னல் ஓரம் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இதோ இருக்காங்க என்று நர்ஸ் அக்கா அவளைக் காட்டி மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, கையுறையை என்னிடம் கொடுத்தார். படுத்திருந்த பெண்ணிடம் நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். யாராச்சும் பாருங்களேன் என்று அவள் கத்தினாள். அன்றைக்கு முழுசாக நானே பார்த்தேன். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, தளர்த்தி எடுத்தேன். நஞ்சு முழுசாக வந்ததா என்று பார்த்து, தையல் போட்டு முடிக்கும்போது இடுப்பு விட்டுப்போயிற்று. தோழி செய்த வேலை, குழந்தையை ஒரு துணியில் வாங்கி எடை மேடையில் வைத்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைப் பிரசவம் முடிந்ததும் கழற்றி, பார்த்தவர் கையில் போட்டு விடுவார்கள். ஊரில் மருத்துவச்சி இருந்த காலத்துப் பழக்கம், ஆஸ்பத்திரி வந்த பிறகும் விடவில்லை. மறுநாள் காலை அந்த மாமியார் வளையல்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, டாக்டரம்மா எங்கே என்று வார்டு முழுக்கத் தேடி வந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்து நின்றேன். நான்தாம்மா பார்த்தேன் என்றேன்.

"அப்டியா, நீயும் கூட நின்னுகினு இருந்தியா நைனா? நல்லாரு" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டிப் போய்த் தோழியின் கையைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். அவள் திருதிருவென்று என்னைப் பார்த்தாள். நான் இல்லம்மா, அவர்தான் என்று அவளும் சொன்னாள். அந்த அம்மா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டை ஏற்றினார்.

அன்றைக்குப் பற்றியதுதான். இடுப்பு ஒடிய நின்றவன் நான், வளையல் அவளுக்கா? ஒரு நாளாவது, ஒரே ஒரு குடும்பமாவது அந்த வளையலை என்னிடம் கொண்டுவராமல் நான் இதை விடப்போவதில்லை என்று ஹாஸ்டல் படியில் உட்கார்ந்து தீர்மானித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த ஆத்திரத்தில் ரேங்க் வந்தது.

கவுன்சலிங்கில் ஓஜியை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் சாவு வீடு போல இருந்தது. திருப்போரூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். சுற்றிலும் பயிர் வைத்த நிலமெல்லாம் மனைக்கல் நட்டாயிற்று, அப்பாவும் ஏரை மூலையில் போட்டுவிட்டு வேன் ஓட்ட ஆரம்பித்திருந்தார். "எலும்பு எட்த்தா இன்னாடா? ஈ.சி.ஆர். ரோட்ல தெனிக்கும் ஒருத்தன் பைக்ல இருந்து விழுந்துகினு கீறான்" என்றார். அவர் கணக்கு அவருக்கு. அம்மா கணக்கு வேறு. பெண் கொடுக்கிறவன் என்ன கேட்பான் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எனக்குப் பெண் பார்த்த இடத்திலெல்லாம் நான் ஆபரேஷன் டாக்டர் என்று சொல்லிவிடுவது. என்ன ஆபரேஷன் என்று யாராவது கேட்டால் பஜ்ஜித் தட்டை நகர்த்துவது. அப்படி மூன்று வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தோம். கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டவள், இவர் பிரசவ டாக்டர்தானே, அதை ஏன் எல்லோரும் திருட்டுத்தனமாகச் சொல்கிறீர்கள் என்று அம்மாவையே கேட்டாள்.

படித்து முடித்து டாக்டராக உட்கார்ந்த பிறகும் கதை மாறவில்லை. அறைக் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும், டாக்டரம்மா இன்னும் வரலையா என்று கதவை மூடிவிட்டு வெளியே உட்கார்ந்து காத்திருப்பார்கள். சிசேரியனுக்கு நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருவார்கள். ராகு காலம் முடிந்து இத்தனை மணிக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. குறித்துக் கொடுத்த ஜோசியரும் ஆம்பிளைதான். அவர் குறிக்கலாம், நான் எடுக்கக் கூடாது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

இதெல்லாம் ஊர். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று விட்டுவிட்டேன். ஆனால் என் தங்கை இருந்தாள். முட்டுக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள், மாப்பிள்ளைக்குப் படகுத் துறையில் வேலை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நான் மனதுக்குள் எல்லாம் முடிவு செய்துவிட்டேன். ஸ்கேன் எங்கே, எந்த வாரம் என்ன, எந்த அறை என்பது வரை. வெளியே யார் நம்பாவிட்டால் என்ன, வீட்டில் ஒருத்தி நம்பினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வளைகாப்புக்குப் போயிருந்தேன். இரண்டு கை நிறைய வளையலோடு அவள் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "தப்பா நெனச்சிக்காதண்ணா. நீ பாத்தன்னா, அப்பறம் பொங்கலுக்கு உன் எதிர்ல உக்காந்து நான் எப்டி சோறு துன்றது? நல்ல லேடி டாக்டரா பாத்து நீயே சொல்லு."

நியாயம்தான். கூடப்பிறந்தவன் பார்க்க வேண்டாம் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லும், நானே மற்றவர்களுக்குச் சொல்வேன். ஆனாலும் வளைகாப்புச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அதைவிடக் கொடுமை, அந்தப் பக்கத்தில் யோசித்துப் பார்த்தால் என் வாயில் வந்த ஒரே பெயர் என் தோழியுடையது. ஆமாம், அவளேதான். கைக்குட்டையும் மூக்குமாக இருந்தவள் எப்படியோ ஓஜி எடுத்து, கல்யாணம் ஆகி, செங்கல்பட்டில் மாமனார் நர்சிங் ஹோமில் பெரிய டாக்டராகிவிட்டாள். கைராசிக்காரி என்று பெயர். எப்படி எடுத்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. வேண்டும் என்றவன் வாசலில், வேண்டாம் என்றவள் நடு வீட்டில் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

தங்கைக்கு வலி எடுத்தது ஒரு காலை வேளையில். நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். அங்கேயும் ஒரு ஆயா. "ஆம்பளைங்க வெளிய." வெளியே போய் மாப்பிள்ளையோடு படியில் உட்கார்ந்தேன். இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் மச்சான் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இதோ ஆயிடும் என்றே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் பயம் பொதுவாக இருக்கும். எனக்கு ஒவ்வொரு பயமும் தனித்தனியாகத் தெரியும்.

ஒரு கட்டத்தில் தோழி பச்சைக் கவுனோடு வாசல் வரை வந்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, கருவி வைத்து இழுக்கப் போகிறேன் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் நிதானமாக உத்தரவு போடுவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுததால் நான் அழாமல் இருக்க வேண்டியதாயிற்று.

அதோடு விட்டார்களா? குழந்தை கொடி சுற்றிப் பிறந்துவிட்டதாம். அப்படிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, நேரில் முகம் பார்க்கக் கூடாது, எண்ணெயில்தான் பார்க்க வேண்டும் என்று தங்கையின் மாமியார் எதிர்க் கடையில் நல்லெண்ணெய் வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். எத்தனையோ கொடியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்ட கை இது. என் மருமகளை நான் முதல் முதலாகப் பார்த்தது ஒரு எண்ணெய்க் கிண்ணத்துக்குள். மூக்கு எங்கள் அப்பாவுடையது.

பிறகு வளையல். தங்கையின் கையிலிருந்து கழற்றியதை மாமியார் தோழியின் கையில் போட்டார். அவள் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, போட்டதைக் கழற்றி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தாள். பெட்டி நிறைய வளையல், சிவப்பும் பச்சையுமாக. நான் வாய் பிளந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுகூட வரவில்லை என்று சொன்னேன். பொறாமையில்தான் சொன்னேன்.

"எடுத்துக்கோயேன், எனக்கெதுக்கு? முழங்கை வரைக்கும் கழுவிக் கழுவி உள்ள போறவ நான். ஒத்த வளையல் போட முடியுமா?" என்றாள். "ஸ்கின்னா இருந்தா போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

அப்புறம் ஏன் ஸ்கின் எடுக்கவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். புதுப்பட்டினத்து மாமியார் போட்ட வளையலோடு அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் அம்மா அதைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பெண் படிக்கும்போதே பிரசவம் பார்த்து வளையல் வாங்கிவிட்டாள் என்று தெருவே வந்து பார்த்தது. தோல் என்று அவள் பேச்செடுத்த போதெல்லாம் அம்மா அந்தப் படத்தைக் காட்டுவாராம். சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் முதலில் அதைத்தான் சொன்னார்களாம். நர்சிங் ஹோம்காரர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னேன். ஆம்பள பார்த்தான்னா யாரு நம்பறா?" என்று பெட்டியை மூடினாள். "நல்லாத்தான் பண்றேன். உன் தங்கச்சிக்கும் நல்லா பண்ணினேன். பிடிச்சிருக்கான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. நீயும் இன்னிக்குத்தான் கேக்கற."

அவள் அழவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அடித்தாள். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. எனக்கு வராத வளையலை நினைத்தே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. அது போய்ச் சேர்ந்த கை என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் கொடுத்ததை எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இதையெல்லாம் அந்த எலும்புப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. எரிந்து விழுந்ததோடு சரி. அவளும் அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஓஜி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தாள். வீட்டில் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒருத்தி பிரசவத்துக்கு வந்தாள். நான்தான் பார்த்தேன். குழந்தையைத் துணியில் வாங்கி எடை போட்டது அந்த எலும்புப் பெண். மறுநாள் நாங்கள் இருவரும் வார்டில் நின்றிருந்தபோது பிள்ளை பெற்றவளின் அம்மா வந்தார். கையில் வளையல் பொட்டலம். என்னைப் பார்த்தார், என்னைத் தாண்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"டாக்டரம்மா, கைய நீட்டு."

அந்தப் பெண் திருதிருவென்று என்னைப் பார்த்தாள். அந்த முழியை எனக்கு நன்றாகத் தெரியும். பெரியவர் கேட்கிறாரே என்று அவள் கை தானாக எழுந்தது. நான் குறுக்கே போய் என் கையை நீட்டினேன்.

"எனக்குப் போடுங்கம்மா. பிரசவம் பார்த்தது நான்."

"ஐயோ, உனுக்கு எப்டி சார் வளையலு? ஆம்பள கையில போட்டா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். போடுங்க."

அவர் தயங்கித் தயங்கிப் போட்டார். விரல் முட்டியைத் தாண்டி எதுவும் ஏறவில்லை. எல்லா வளையலும் பாதிக் கையில் நிற்க, நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டே சிரித்தது. ஆயா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "அப்ப இந்தப் பொண்ணு யாரு சார்?" என்று கேட்டார்.

"அவங்க எலும்பு டாக்டர்ம்மா" என்றேன்.

"அப்டியா?" என்று அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் காலை நீட்டினார். "இந்த முட்டி ஒரு வருசமா பேஜாரு பண்ணிகினு கீது. இன்னான்னு பாரும்மா."

அவள் ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கைகளை எடுத்துக் கீழே உட்கார்ந்து, அந்த முட்டியைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.